பங்கு போட்ட மூஸ்

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கிளிபோட் சிரமப்படவில்லை. வாசற்கதவுக்கு மேல் மூஸ் கொம்பும், கண்ணாடிக்கு உள்ளே மடுமாதா படமும் இருக்கிற வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமைப் பின்னேரம், வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. மணியை அழுத்திவிட்டு நின்றபோது கதவிடுக்கால் ஈரச் சேற்று மணம் வந்தது.

வீட்டுக்காரர் அமிர்தநாதர் இறந்து இரண்டு வருடமாகிறது. ரொறன்ரோத் தமிழரில் வில்லோடு காட்டுக்குப் போன முதல் ஆட்களில் ஒருவர். இப்போது அவர் மனைவி அருள்மலர் வீட்டை விற்கப்போகிறார். கீழே கிடக்கிற வேட்டைச் சாமான்களை வேண்டியவர்கள் வந்து எடுக்கலாம் என்று போன ஞாயிறு பூசை முடிந்ததும் சொல்லியிருந்தார். கிளிபோட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு சாமான்தான். நல்லதொரு அம்பு முனை.

"வாரும் தம்பி. எல்லாம் பேஸ்மென்ற்றுக்குள்ளதான் கிடக்கு. நீர் போய்ப் பாரும். நான் கீழ இறங்கிறேல்லை."

"ஏன் அன்ரி, முழங்கால் ஏலாதோ?"

"முழங்கால் நல்லாத்தான் கிடக்கு." அருள்மலர் படிக்கட்டின் உச்சியில், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டார். "கீழ ஒரு சத்தம். மாடு மூச்சு விடுற மாதிரி. பேர்னஸ் எண்டு மகன் சொல்லுறான்."

வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸை இந்த வெயிலுக்கு யார் போடுவார்கள் என்று கேட்கக் கிளிபோட்டுக்கு வாய்வரை வந்தது. வந்த இடத்தில் எதற்கு வீண் கதை என்று படி இறங்கினான்.

கீழே ஒரு நீள மேசை. அமிர்தநாதர் வலு ஒழுங்கான மனிதர். அம்பு முனைகளை முட்டைப் பெட்டிகளில், ஒரு குழிக்கு ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெள்ளை நாடா ஒட்டி, என்ன நிறை, எந்த மிருகத்துக்கு என்று எழுதி வைத்திருந்தார். மானுக்கு நூறு கிறெய்ன். கரடிக்கு நூற்றிருபத்தைந்து. மூஸுக்கென்று கடைசிப் பெட்டி.

மூஸ் மான் இனம்தான், ஆனால் லேசுப்பட்ட மிருகமில்லை. நிமிர்ந்து நின்றால் அதன் தோள் ஆளின் தலைக்கு மேலே இருக்கும். அதற்கு எந்த முனை என்பதில் வேட்டைக்காரர் இரண்டு கட்சி. விரியும் முனை பறக்கும்போது ஒடுங்கியிருந்து, உடம்பில் பட்டதும் இரண்டு அலகையும் பறவைச் செட்டைபோல விரிக்கும். காயம் பெரிது, ரத்தமும் அதிகம். ஆனால் விரிவதிலேயே பாதிப் பலம் போய்விடும், பெரிய எலும்பில் பட்டால் அங்கேயே நின்றுவிடும். மற்றது விரியாத முனை. ஒடுங்கிய, பாரமான, சவர அலகுபோலக் கூரான இரும்பு. காயம் சிறிதுதான், ஆனால் எலும்பையும் துளைத்துக்கொண்டு போகும்.

போன வருடம் கிளிபோட் விரியும் முனையைத்தான் வாங்கினான். பெட்டியில் போட்டிருந்த படத்தில் ஓட்டை பெரிதாக இருந்ததைத் தவிர அவனிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

அதைக்கொண்டு செய்த வேலைதான் அவனை இன்றைக்கு இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தது.

கிளிபோட் மன்னார்க்காரன். ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், டோர்செட் பார்க்கில் எட்டாம் மாடியில் இருக்கிறான். வருடத்தில் ஒரு கிழமை, மனைவி வேரோனிக்காவின் தம்பி மரியோவோடு வடக்கே வேட்டைக்குப் போவான். ஊரில் மாடு அடிப்பதென்றால் மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, யார் யாருக்குப் பங்கு என்று முதலில் எழுதுவார்கள், கத்தி அதற்குப் பிறகு. கிளிபோட் ஒரு படி மேலே போனான். காட்டில் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்த மிருகத்துக்கே வட்ஸப் குழுவில் பங்கு எழுதிவிட்டான். பதினாலு வீடு. ஞாயிறு பூசை முடிய இறைச்சி கையில் என்று வாக்கும் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அம்பு பட்டது. பட்ட இடம் பிழை. விலாவுக்குப் பின்னால், வயிற்றில். மிருகம் ஓடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்துபோனது. வயிற்றில் பட்டதற்கு அதுதான் அடையாளம் என்று கிளிபோட்டுக்குத் தெரியும். அமிர்தநாதர் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடமான விதி அது: வயிற்றில் பட்டால் துரத்தாதே, தேத்தண்ணீர் குடி, செபமாலை சொல்லு, விடியும்வரை காத்திரு, அது படுத்த இடத்திலேயே அடங்கும். ஆனால் பதினாலு வீடு காத்திருந்ததே! அரை மணித்தியாலத்தில் அவன் பின்னால் போனான். படுத்திருந்த மிருகம் எழும்பி, ஒரு காலை இழுத்துக்கொண்டு சதுப்புக்குள் இறங்கி மறைந்தது.

தூரத்தில் நின்ற மரியோவிடம், "படேல்லையடா, தப்பிப்போச்சு" என்றான். சொன்ன வாய்க்கு வெட்கமாக இருந்தது. மானம் போகக்கூடாதே என்று இரண்டு பேருமாக வரும் வழியில் மாட்டிறைச்சி வாங்கி, மரியோவின் கராஜில் வைத்து வெட்டி, பையில் போட்டு, மூஸ் என்று எழுதிப் பதினாலு வீட்டுக்கும் கொடுத்தார்கள். "காட்டு மிருகத்தின்ர ருசியே வேற" என்று சனம் போன் எடுத்துப் புகழ்ந்தது. மரியோ விழுந்து விழுந்து சிரித்தான். கிளிபோட்டால்தான் சிரிக்க முடியவில்லை. சாகாத ஒன்றைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மூஸ் பெட்டியில் ஒரு முனை தனியாக மின்னியது. இரண்டு அலகு, இருநூறு கிறெய்ன், விரியாதது. நாடாவில் அமிர்தநாதரின் கையெழுத்து: நிக்காது. பின்னால பார்.

"இதில என்ன அன்ரி எழுதிக் கிடக்கு, பின்னால பார் எண்டு?"

"உதோ?" மேலேயிருந்து அருள்மலரின் குரல் வந்தது. "உது துளைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தால போயிடும் தம்பி. உதைப் பூட்டினா, மிருகத்தைப் பாக்கமுன்னம் அதுக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டு பார் எண்டு சொல்லுவார்."

அவனுக்கு வேண்டியது அதுதான். இந்தமுறை அரைகுறை வேலை கிடையாது. முனையை எடுத்துக் கடதாசியில் சுற்றும்போதுதான் பெட்டியின் மூலைக் குழியைக் கண்டான்.

அதில் விரியும் முனை ஒன்று கிடந்தது. அலகு இரண்டும் இல்லை, வெறும் தண்டு. தண்டின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு.

வேரோனிக்காவின் நகப்பூச்சு. தன் முனைகளை அடையாளம் காண அவனே வைக்கிற பொட்டு. ஆறு முனைக்கு வைத்தான். ஐந்து வீட்டில் இருக்கிறது. ஆறாவது, போன வருடம் மூஸின் வயிற்றோடு போனது.

"அன்ரி," அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். "இஞ்ச ஆரும் வந்தவையே? போன வருசம் ஆரும் சாமான் கொண்டுவந்து வைச்சவையே?"

"அவர் போனதுக்குப் பிறகு கீழ இறங்கின முதல் ஆள் நீர்தான் தம்பி."

நகப்பூச்சு உலகத்தில் வேறு யாரும் பூசமாட்டார்களா என்று தன்னையே அதட்டிக்கொண்டான். தண்டை ஜக்கெட் பைக்குள் போட்டான். இரும்பு சில்லென்று இருக்கவேண்டும். அது இளஞ்சூடாக இருந்தது.

பேர்னஸ் ஒரு மூலையில் அணைந்து கிடந்தது.

மற்ற மூலையிலிருந்து, நீளமாக, ஈரமாக, ஒரு மூச்சுச் சத்தம் வந்தது.

கிளிபோட் படிகளை எண்ணாமல் ஏறினான்.

வேட்டைக்குப் போகிற நாள் விடிய வேரோனிக்கா கதவடியில் வந்து நின்றாள். மூன்று தம்பிமாரில் இரண்டு பேரைச் சண்டையில் பறிகொடுத்தவள். மரியோ வெளியே ட்ரக்கில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இறைச்சி வந்தாலும் சரி, வராட்டிலும் சரி. எனக்கு மிஞ்சினது உவன் ஒருத்தன். கொண்டுபோற மாதிரியே கொண்டுவந்து விடுங்கோ."

"இதென்ன கதை. நான் இருக்கிறன்தானே?"

"நீங்கள் இருக்கிறபடியால்தான் சொல்லுறன்," என்றாள். சிரிக்கவில்லை.

போன வருடத்துச் சதுப்பு அப்படியே இருந்தது. கறுத்த தண்ணீர், அதைச் சுற்றித் தேவதாரு மரங்கள், ஆளுயரத்துக்குப் பனிப்புகார். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னும் நல்ல வெளிச்சம். ஏற்பாடு எப்போதும்போலத்தான். கிளிபோட் வில்லோடு முன்னால் முழந்தாளிடுவான். மரியோ அறுபது அடி பின்னால் நின்று, மரப்பட்டைக் குழலை வாயில் வைத்துப் பெண் மூஸ்போலக் கூப்பிடுவான். ஆண் மூஸ் அந்தக் குரலைத் தேடி வரும்.

கிளிபோட் புதிய முனையைப் பூட்டினான். காத்திருந்தான்.

பின்னாலிருந்து குரல் எழுந்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற நீண்ட முனகல். பெடியன் இந்த வருடம் நன்றாகக் கூப்பிடுகிறான் என்று நினைத்தான்.

காடு அடங்கியது. முதலில் பறவைகள். பிறகு நுளம்பின் ரீங்காரம்கூட.

பிறகு மணம் வந்தது. ரெக்ஸ்டேல் வீட்டுக் கதவிடுக்கால் வந்த அதே மணம்.

ஒரு கிளையும் முறியவில்லை, தண்ணீரும் சலசலக்கவில்லை. புகாருக்குள் ஒரு கறுப்பு தடித்துக்கொண்டே வந்தது. கொம்பு தெரிந்தது. தோள் தெரிந்தது. ஈரமாகத் தொங்குகிற மயிருக்குள் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றது.

வயிற்றில் ஓர் அம்பு. அம்பின் வாலில் பச்சையும் மஞ்சளும் கலந்த செட்டை.

அவனுடைய அம்பு. போன வருடத்து அம்பு.

காயத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கிளிபோட்டுக்குப் பயத்திலும் பார்க்க முதலில் வந்தது இரக்கம்தான். ஒரு வருடமாக இப்படியே நடந்து திரிகிறதா? யேசுவே, நான் செய்த வேலை. முடித்துவிடுகிறேன், இந்தமுறை ஒழுங்காக முடித்துவிடுகிறேன் என்று வில்லை இழுத்தான். மிருகம் அசையாமல் அவனையே பார்த்தது.

பின்னால பார்.

விதி ஞாபகம் வந்தது. மிருகத்துக்குப் பின்னால் பார்த்தான். புகார், மரங்கள், வேறொன்றுமில்லை. அதே நேரம் அவன் முதுகுக்குப் பின்னால் மரியோ இன்னொருமுறை கூப்பிட்டான். நல்லது. மரியோ எனக்குப் பின்னால் நிற்கிறான்.

அம்பை விட்டான்.

பட்ட சத்தம் இல்லை. மிருகம் துள்ளவில்லை. அம்பு அதற்குள் புகுந்தது, மற்றப் பக்கத்தில், தூரத்தில், மரத்தில் ஏதோ "டொக்" என்றது.

"அத்தான்!"

மரியோவின் குரல்.

முன்னாலிருந்து.

கிளிபோட் ஓடினான். மிருகம் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அதைத் தாண்டி வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரம் ஒன்றின் அடியில் மரியோ நிலத்தில் குந்தியிருந்தான். அவன் தலைக்கு ஒரு சாண் மேலே அம்பு மரத்தில் பாதிவரை இறங்கியிருந்தது.

"உங்களுக்கென்ன விசரா? என்னத்தைக் கண்டு அடிச்சனீங்கள்?"

"மூஸ். உனக்கு முன்னால நிண்டது."

"எனக்கு முன்னால புகார்தான் நிண்டது!"

"நீ பின்னால நிண்டு கூப்பிட்டனியெல்லோ. ரெண்டு தரம்."

மரியோ கையிலிருந்த மரப்பட்டைக் குழலைத் தூக்கிக் காட்டினான். "இதை ட்ரக்குக்க விட்டிட்டன் அத்தான். எடுத்துக்கொண்டு மற்றப் பாதையால வாறன். நான் இன்னும் கூப்பிடவே இல்லை."

அப்போது, கிளிபோட் முழந்தாளிட்டிருந்த இடத்துக்கும் பின்னாலிருந்து, அந்தக் குரல் மூன்றாம் முறை கூப்பிட்டது.

இரண்டு பேரும் கேட்டார்கள்.

பிறகு மரியோ மெல்லிய குரலில், "இதைப் பாக்கக் குனிஞ்சபடியால் தப்பினன்" என்று நிலத்தைக் காட்டினான். பாசியில் ரத்தம். ஒரு துளி, அப்பால் இன்னொரு துளி, சதுப்புப் பக்கமாக ஒரு வரிசை. "பாருங்கோ, காயேல்லை. ஆரோ அடிச்சுப்போட்டு விட்டிருக்கினம். காயப்பட்டதை விட்டிட்டுப் போறது பாவம் அத்தான். பின்னால போவம்."

"விடு. இருட்டப்போகுது. வீட்டை போவம்."

மரியோ அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "போன வருசம் நீங்கள் அடிச்சது படேல்லைத்தானே?"

சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போயிருக்கலாம்.

"படேல்லை," என்றான் கிளிபோட்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவனுக்குப் பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. மரியோ பக்கத்தில் முழுசாக இருந்தான், வாக்குக் காப்பாற்றியாயிற்று. ஆனாலும் அந்தப் பொய் தொண்டையில் முள்ளாக நின்றது. இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, திங்கள் லீவு போட்டுவிட்டு அந்த ரத்தத்தைத் தேடிப் போவது என்று நற்கருணை வாங்கும்போது முடிவெடுத்தான். எடுத்ததும் நெஞ்சு லேசானது.

வீட்டில் கறி மணத்தது. வேரோனிக்கா சோற்றுக் கோப்பைகளை வைத்தபடி, "இந்த வருசம் வெறுங்கையோட வந்தாலும் பறவாயில்லை. போன வருச மூஸ் ஒரு பை பிறீசருக்க ஒளிச்சு வைச்சிருந்தனான்," என்றாள்.

மரியோ கிளிபோட்டைப் பார்த்துக் கண்ணடித்தான். அது மாட்டிறைச்சி என்று அவனுக்குத் தெரியுமே. வேண்டுமென்றே பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டு, சப்பாமலே விழுங்கினான். "அக்கா, காட்டு மிருகம் காட்டு மிருகம்தான்!"

"ஆறுதலாச் சப்பிச் சாப்பிடு. சின்னனில இருந்து உதே பழக்கம்."

மரியோ அடுத்த துண்டை எடுத்தான்.

"மரியோ," என்று கிளிபோட் தொடங்கினான். "போன வருசம் அது தப்பேல்லை. பட்டது. வயித்தில பட்டது. நான் உனக்குப் பொய்தான்…"

மரியோ சப்புவதை நிறுத்தினான். பொய்யைக் கேட்டு அல்ல. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தான்.

"எலும்பே?" என்றாள் வேரோனிக்கா.

மரியோ அதைக் கோப்பையில் வைத்தான். குழம்புக்குள் மின்னியது. ஒரு அங்குல நீளம், சவர அலகுபோல மெல்லிசு, ஒரு நுனியில் ஆணி போகிற சின்ன ஓட்டை. மரியோவின் கீழுதட்டில் ரத்தம் கோடாக இறங்கியது.

கடையில் வாங்கிய மாட்டிறைச்சி. அவர்கள் இரண்டு பேரும் தங்கள் கையாலேயே வெட்டியது.

கிளிபோட் எழுந்துபோய் ஜக்கெட் பையிலிருந்து அந்தத் தண்டைக் கொண்டுவந்தான். அலகைத் துடைத்து, தண்டின் பிளவில் வைத்தான். "கிளிக்" என்று போய் உட்கார்ந்தது.

மற்றப் பிளவு வெறுமையாக இருந்தது.

"மற்றது?"

"என்ன மற்றது?"

"இதுக்கு ரெண்டு அலகு, மரியோ. மற்றது எங்க?"

மரியோவின் முகம் வெளிறியது. கை மெதுவாக இறங்கி விலாவுக்குக் கீழே, வயிற்றின் இடப்பக்கத்தில் போய் நின்றது.

"முதல் வாயில… ஏதோ கட்டியா… எலும்பெண்டு விழுங்கிப்போட்டன் அத்தான்."

எழும்ப முயன்றான். முதுகு கூனியது.

"அசையாத! தம்பி, அசையாத!" வேரோனிக்கா போனை எடுத்து அழுதழுது விலாசம் சொன்னாள். எட்டு நிமிடத்தில் வருகிறார்களாம். கிளிபோட் மரியோவைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். நான்தான், எல்லாம் நான்தான் என்று அவன் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜன்னலால் மத்தியான வெயில் மேசை முழுக்க விழுந்தது. கறி மணத்துக்குள் மெல்ல மெல்ல வேறொரு மணம் கலந்தது.

ஈரச் சேறு.

வெளியே நடைவழியில் காலடிச் சத்தம். லிஃப்ட் மணி அடிக்கவில்லை. பாரமான அடி ஒன்று, அதன்பின் இழுபடுகிற சத்தம். அடி. இழுவை. அடி. அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

"அம்புலன்ஸ்காரர் வந்திட்டினம்! ஓடிப்போய்க் கதவைத் திறவுங்கோ!"

கிளிபோட் அசையவில்லை. கதவின் கீழிடுக்கில், வெளிச்சம் வருகிற இடத்தை ஒரு கறுப்பு அடைத்திருந்தது. அங்கிருந்து நீளமாக, ஈரமாக, ஒரு மூச்சு உள்ளே வந்தது.

அது தட்டவில்லை. கதவை முட்டவுமில்லை. கால் மடித்து அங்கேயே படுக்கிற சத்தம் கேட்டது.

வயிற்றில் பட்டால் துரத்தக்கூடாது, காத்திருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.